பக்கத்தில் நிற்கும் அந்த இன்னொருவன்

சனிக்கிழமை காலை வாசல் மணி அடிக்கிறது. திறந்தால் இரண்டு பையன்கள். வெள்ளைச் சட்டை, டை, தோளில் பை, சட்டைப்பையின் மேல் ஒரு கருப்புப் பட்டை, அதில் வெள்ளை எழுத்தில் 'எல்டர்' என்று தொடங்கும் ஒரு பெயர். எல்டர் என்றால் மூப்பர். முகத்தைப் பார்த்தால் மீசையே இன்னும் ஒழுங்காக முளைக்கவில்லை. அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ குடியிருக்கும் தமிழர்கள் பலருக்கு இது பழகிய காட்சிதான். சிரித்த முகமாக "வேண்டாம் தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டு, உள்ளே வந்து "பாவம், இந்த வெயிலில் அலைகிறார்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மறந்துவிடுவோம்.

மார்மன் மிஷனரிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அந்தக் கதவைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். எத்தனை கதவு தட்டினார்கள், எத்தனை மூடின, எத்தனை பேர் மதம் மாறினார்கள் என்று. எனக்கு அதைவிட, பேசுகிறவனுக்குப் பக்கத்தில் சும்மா நிற்கிறானே இன்னொருவன், அவன்மேல்தான் கண் போகிறது. ஏன் எப்போதும் இரண்டு பேர்? ஒருவனை மட்டும் அனுப்பினால் இரண்டு மடங்கு வீடுகளுக்குப் போகலாமே? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் அந்தப் பையன்களின் இரண்டு வருட வாழ்க்கை முழுவதும் விளங்கிவிடுகிறது என்று நினைக்கிறேன்.

முதலில் சபையைப் பற்றிக் கொஞ்சம். 1830இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கியது, முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. 'மார்மன்' என்பது அவர்களுடைய வேதங்களில் ஒன்றான மார்மன் புஸ்தகத்தை வைத்து வெளியார் ஒட்டிய பெயர். 2018இல் அப்போதைய தலைவர் ரஸல் நெல்சன் இனி அந்தப் பெயர் வேண்டாம், முழுப்பெயரையே சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார், ஆனால் வழக்கில் ஊறிய பெயர் அவ்வளவு சீக்கிரம் போகுமா? தலைமையகம் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டி. 2024 முடிவில் உறுப்பினர் கணக்கு 1 கோடியே 75 லட்சம். முழுநேர மிஷனரிகள் 74,000க்குச் சற்று மேல். பெரும்பாலானவர்கள் 18லிருந்து 21 வயதுக்குள்.

ஆண்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம். ஆண்களுக்கு இது மதக் கடமை, பெண்களுக்கு விருப்பம். திருமணமாகாத பெண்களை மிஷனரியாக அனுப்பத் தொடங்கியது 1898இல், இங்கிலாந்துக்குப் போன இரண்டு பேரை வைத்து. வெகுகாலம் ஆண்களுக்கு 19, பெண்களுக்கு 21 என்று குறைந்தபட்ச வயது இருந்தது. 2012 அக்டோபரில் அதை 18, 19 என்று இறக்கினார்கள். உடனே ஒரு வெள்ளம். 58,000 பேராக இருந்தவர்கள் அடுத்த ஆண்டு முடிவதற்குள் 83,000ஐத் தொட்டார்கள். பெண்கள் கூட்டமாகக் கிளம்பியதற்குக் காரணம் எளிது. 21 வயதென்றால் பாதிப் படிப்பு, ஒரு காதல், சிலருக்குக் கல்யாணப் பேச்சு என்று ஏதாவது ஒன்று கையைப் பிடித்து நிறுத்தும், 19இல் அதெல்லாம் குறைவு. 2025 நவம்பரில் பெண்களுக்கும் 18 ஆக்கிவிட்டார்கள்.

சரி, ஜோடிக்கு வருவோம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தச் சபையின் முதல் மிஷனரி தனியாகத்தான் போனார். ஜோசப் ஸ்மித்தின் தம்பி சாமுவேல், 1830 கோடையில் பையில் மார்மன் புஸ்தகப் பிரதிகளை அடைத்துக்கொண்டு ஊர் ஊராக நடந்தார். பெரும்பாலானவர்கள் வாங்கவில்லை, விரட்டினார்கள், மனம் சோர்ந்து திரும்பினார். அவர் கொடுத்த சில பிரதிகளில் ஒன்று கைமாறிக் கைமாறி யங் குடும்பத்துக்குப் போனது, அந்த வீட்டுப் பிள்ளைதான் பின்னாளில் ஜனங்களை யூட்டாவுக்கு நடத்திச் சென்ற பிரிகாம் யங். ஆனால் அது நடந்தது சாமுவேலுக்கு அப்போது தெரியாது. தனியாகப் போனவனுக்குத் தோல்வி மட்டும்தான் தெரிந்தது. அடுத்த வருடமே, 1831இல், இருவர் இருவராகப் போங்கள் என்று கடவுள் சொன்னதாக ஜோசப் ஸ்மித் ஒரு வெளிப்படுத்தலை அறிவித்துவிட்டார். இயேசு சீடர்களை இரண்டிரண்டு பேராக அனுப்பினார் என்று மாற்கு சுவிசேஷத்திலும் இருக்கிறது, ஆகவே வேத ஆதாரமும் கையில் ரெடி.

(அந்தக் காலத்து மிஷனரிகள் சென்னைக்கும் வந்திருக்கிறார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1853இல் ரிச்சர்ட் பாலன்டைன் என்பவர் துணையோடு மதராஸில் கப்பலிறங்கி, பிரசங்கம் செய்து, ஒரு பத்திரிகைகூட அச்சடித்துப் பார்த்தார். ஒன்றும் எடுபடவில்லை. அடுத்த வருடம் கப்பலேறிவிட்டார்.)

இன்றைக்கு ஒரு பையன் மிஷனரியாகப் போக வேண்டுமென்றால் முதலில் தன் வட்டாரத்துப் பிஷப்பிடம் நேர்காணல், அப்புறம் அவருக்கு மேலுள்ள ஸ்டேக் (பல வட்டாரங்கள் சேர்ந்த அமைப்பு) தலைவரிடம் நேர்காணல். குடி, புகை, காபி, டீ, கல்யாணத்துக்கு முந்தைய உறவு எதுவும் இல்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். மருத்துவப் பரிசோதனை, பல் பரிசோதனை. கிளம்புவதற்கு முன்பே ஞானப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வருவது அவர்களிடையே ஒரு சடங்கு மாதிரியே ஆகிவிட்டது, ஏதோ ஒரு நாட்டின் மூலையில் பல்வலி வந்து படுத்தால் யார் பார்ப்பது?

விண்ணப்பம் போன பிறகு காத்திருப்பு. எந்த நாடு, எந்த ஊர், எந்த மொழி என்று கேட்கவோ தேர்ந்தெடுக்கவோ முடியாது. சால்ட் லேக் சிட்டியில் சபையின் உயர்தலைவர்களான அப்போஸ்தலர்களில் ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு விண்ணப்பமாகப் பார்த்து ஜெபித்து ஒதுக்குகிறார் என்பது அவர்கள் நம்பிக்கை. முன்பெல்லாம் பெரிய வெள்ளை உறை தபாலில் வரும், 2018லிருந்து மின்னஞ்சல். வந்த உடனே தனியாகத் திறக்க மாட்டார்கள். சொந்தபந்தம், நண்பர்கள் எல்லோரையும் வரவேற்பறையில் உட்கார வைத்து, தாத்தா பாட்டியை வீடியோவில் பிடித்து, யார் எந்த நாட்டைச் சொல்கிறார்கள் என்று பந்தயம் வைத்து, அப்புறம் வாசிப்பார்கள். பிரேசில் என்றால் ஓ என்று கூச்சல். பக்கத்து மாநிலமான ஐடஹோ என்றால் கைதட்டல் கொஞ்சம் மெதுவாக வரும், அதை மறைக்க இன்னும் பலமாகத் தட்டுவார்கள்.

பயிற்சி மையங்களில் பெரியது யூட்டாவின் ப்ரோவோ நகரில் இருக்கிறது. தாய்மொழியிலேயே ஊழியம் என்றால் இரண்டு மூன்று வாரம், புது மொழி என்றால் ஆறிலிருந்து ஒன்பது வாரம். கோவிட்டுக்குப் பிறகு முதல் பகுதியை வீட்டிலிருந்தே இணையத்தில் முடித்துவிட்டு வருகிறார்கள். ஐம்பதுக்கு மேற்பட்ட மொழிகள் சொல்லித் தருகிறார்கள். பாடம் நடத்துவது பெரும்பாலும் பேராசிரியர்கள் இல்லை, அதே மொழியில் ஊழியம் முடித்துத் திரும்பி வந்த கல்லூரி மாணவர்கள். முதல் வாரத்திலேயே அந்த மொழியில் ஜெபம் செய்ய வைத்துவிடுவார்கள், தப்பும் தவறுமாக. இலக்கணம் படித்துவிட்டுப் பேசுவது கிடையாது, பேசிக்கொண்டே இலக்கணம். இந்த மையத்துக்குள் நுழையும்போதே அவனுக்கு முதல் 'கம்பானியன்' கிடைத்துவிடுகிறான். துணை. அந்த நிமிடத்திலிருந்து அவன் தனியாக இருக்கப்போவதில்லை.

இதைச் சொன்னால் பலர் ஏதோ ஒரே ஊரில் வேலை பார்க்கும் கூட்டாளி மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. விதி என்னவென்றால், ஒருவர் இன்னொருவரின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்திலேயே எப்போதும் இருக்க வேண்டும். ஒரே அறையில் தூங்க வேண்டும், கட்டில் மட்டும் வேறு. குளியலறைக்குப் போவதும் மிஷன் (அவர்கள் ஊழியம் செய்யும் பகுதி) தலைவர் தனியாகக் கூப்பிட்டு நேர்காணல் செய்வதும் விதிவிலக்கு. ஒருவனுக்கு டூத்பேஸ்ட் வாங்க வேண்டுமா, இருவரும் கடைக்குப் போக வேண்டும். ஒருவனுக்குக் காய்ச்சலா, இருவரும் வீட்டில். நோயாளி தூங்குவான், நல்லா இருக்கிறவன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவனுக்கு டிவி கிடையாது, சினிமா கிடையாது, இஷ்டப்பட்ட பாட்டும் கிடையாது. சபை சம்பந்தமான புத்தகங்கள் இருக்கும், அதைத்தான் ஏற்கெனவே தினமும் படிக்கிறானே.

நாள் எப்படிப் போகிறது என்றால், காலை ஆறரைக்கு எழுந்திருக்க வேண்டும். அரை மணி நேரம் உடற்பயிற்சி. குளித்து, சாப்பிட்டு, எட்டு மணிக்கு மேல் வேதப்படிப்பு, தனியாக ஒரு மணி, துணையோடு சேர்ந்து ஒரு மணி, புது மொழியென்றால் அதற்கும் கொஞ்ச நேரம். பத்து மணிவாக்கில் வெளியே. நடை, சைக்கிள், பஸ், சில இடங்களில் கார். அந்தக் காரிலும் வேகம் கூடினால் குரல் கொடுத்து எச்சரிக்கும் கருவி பொருத்தியிருப்பார்கள். ராத்திரி ஒன்பது, ஒன்பதரைக்கு வீடு. மறுநாள் யாரைப் பார்ப்பது என்று திட்டம், நாட்குறிப்பு, பத்தரைக்கு விளக்கணைப்பு. 2017க்குப் பிறகு இதில் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறார்கள். ஊருக்கு ஏற்றபடி நேரத்தை மாற்றிக்கொள்ளலாம், திட்டம் போடுவதைக் காலையில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் எலும்புக்கூடு அதேதான்.

வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் திங்கள், 'பி-டே'. ஆயத்த நாள். துணி துவைக்க, முடி வெட்ட, மளிகை வாங்க, வீட்டுக்குக் கடிதம் எழுத, பந்து விளையாட. அதுவும் சாயங்காலம் வரைக்கும்தான், அப்புறம் டை கட்டிக்கொண்டு மறுபடியும் தெருவுக்கு.

துணையாக வருகிறவன் யார் என்பதும் இவன் கையில் இல்லை. யூட்டாவில் பெரிய வீட்டில் வளர்ந்த பையனுக்கு டோங்கா தீவுப் பையன் துணையாக வரலாம், கானாவிலிருந்தோ மெக்ஸிகோவிலிருந்தோ வரலாம். ஒருவன் அதிகாலையில் பாட்டுப் பாடிக்கொண்டே எழுந்திருக்கிறவன், இன்னொருவன் ஒன்பது மணி வரை வாயே திறக்காதவன். ஒருவன் விதிப் புத்தகத்தை எழுத்துக்கு எழுத்து பிடிப்பவன், இன்னொருவன் "அட விடுப்பா" ரகம். நுகத்தடியில் பூட்டிய மாடுகள்தான், ஒன்று முரண்டு பிடித்தால் வண்டி நகராது. பிடிக்கவில்லை என்று அறையை விட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் தனியாக நடந்துவிட்டு வரவும் முடியாது, ஏனென்றால் நடந்தால் அவனும் கூட நடக்க வேண்டும்! சண்டை போட்ட இருவர் நாலு அடி தள்ளித் தள்ளி மௌனமாக நடந்து போய், அடுத்த வீட்டு வாசலில் மணியடித்ததும் ஒரே நேரத்தில் சிரிப்பது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இதற்கும் ஒரு மருந்து வைத்திருக்கிறார்கள். வாரத்துக்கு ஒருமுறை இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, நம்மிடையே எது நன்றாகப் போகிறது, எது சரியில்லை, உன்னால் எனக்கு என்ன கஷ்டம், என்னால் உனக்கு என்ன கஷ்டம் என்று மனம் விட்டுப் பேசியாக வேண்டும், ஜெபத்தில் தொடங்கி ஜெபத்தில் முடிக்க வேண்டும். பதினெட்டு பத்தொன்பது வயதுப் பையன்கள். கல்யாணமாகி இருபது வருடமான தம்பதிகளிடம் இப்படி ஒரு வாராந்திரக் கூட்டம் போடச் சொன்னால் பாதிக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து போய்விடுவார்.

ஆறு வாரத்துக்கு ஒருமுறை 'டிரான்ஸ்ஃபர்'. யார் எந்த ஊருக்கு, யாரோடு யார் என்று மிஷன் தலைவர் மாற்றி அமைப்பார். ஒரே துணையோடு மூன்று நான்கு மாதம் இருப்பதும் உண்டு, ஆறே வாரத்தில் பிரிவதும் உண்டு. ஆகவே மிஷனரிகளுக்குக் காலமே ஆறு ஆறு வாரமாகத்தான் ஓடுகிறது. "இன்னும் எத்தனை மாதம்?" என்று கேட்க மாட்டார்கள், "எத்தனை டிரான்ஸ்ஃபர் பாக்கி?" என்றுதான் கேட்பார்கள்.

இந்த ஜோடி முறையிலிருந்து அவர்களுக்குள் ஒரு தனி பாஷையே பிறந்திருக்கிறது. புதிதாக வந்தவன் 'கிரீனி', பச்சைப் பிள்ளை. அவனுக்குக் கிடைக்கும் முதல் துணை அவனுடைய 'அப்பா', இவன் அவருக்கு 'மகன்'. முதல் ஊர் இவன் 'பிறந்த' ஊர். அந்த அப்பாவுக்கு வேறொரு கிரீனி முன்பே இருந்திருந்தால் அவன் அண்ணன். அப்பாவைப் பயிற்றுவித்தவன் தாத்தா. இப்படி வம்சாவளியே வரைந்து வைத்திருப்பவர்கள் உண்டு. ஊழியம் முடிந்து வீடு திரும்பினால் அவன் 'செத்துப்போனான்'. கடைசித் துணைதான் அவனைக் 'கொன்றவன்'. கிளம்பும் நாள் நெருங்க நெருங்க மனம் வேலையில் ஓடாமல் வீட்டையே நினைத்துக்கொண்டிருப்பவனை 'டிரங்கி' என்பார்கள், டிரங்குப் பெட்டியைக் கட்டத் தொடங்கிவிட்டான் என்று அர்த்தம். இருபது வயதுப் பையன்கள் தங்கள் இரண்டு வருடத்துக்கு ஒரு முழு ஆயுளையே, பிறப்பிலிருந்து சாவு வரை, பெயராக வைத்திருக்கிறார்கள், அதில் உறவுப் பெயரெல்லாம் துணைகளுக்குத்தான்.

இப்போது அந்தக் கேள்விக்கு வரலாம். ஏன் இரண்டு?

சபை சொல்லும் காரணங்கள் நியாயமானவை. பாதுகாப்பு. சபலத்துக்கு இடமில்லை. யாராவது பொய்யாகக் குற்றம் சாட்டினால் சாட்சி இருக்கிறான். ஒருவன் தடுமாறினால் இன்னொருவன் பேச்சை எடுத்துக்கொள்வான். எல்லாம் சரிதான். ஆனால் நிர்வாகக் கண்ணால் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. 2024இல் உலகம் முழுக்க 450 மிஷன்கள், மிஷனரிகள் 74,000. ஒரு மிஷனுக்குச் சராசரி நூற்றறுபது சொச்சம் பேர். அதை நடத்துவது மூன்று ஆண்டுக்கென அனுப்பப்படும் ஒரே ஒரு நடுவயதுத் தம்பதி. அவர்களுக்குக் கீழே மாவட்டத் தலைவன், மண்டலத் தலைவன், உதவியாளன் என்று இருப்பவர்களும் அதே இருபது வயது மிஷனரிகள்தான். அந்தப் பரப்பு சில நாடுகளில் ஒரு மாநிலத்தை விடப் பெரியது. இத்தனை பையன்களை, வீட்டை விட்டு முதல்முறை வெளியே வந்தவர்களை, காலை ஆறரைக்கு எழுந்தானா என்று யார் போய்ப் பார்ப்பது? யாரும் பார்க்க வேண்டியதில்லை. பக்கத்துக் கட்டிலில் ஒருவன் இருக்கிறான். அவனுக்கு இவன் காவல், இவனுக்கு அவன் காவல். சம்பளமில்லாத கண்காணிப்பு, அதுவும் கண்காணிப்பு மாதிரியே தோன்றாமல் நட்பாகவும் சகோதர பாசமாகவும் அனுபவிக்கப்படுகிற கண்காணிப்பு. இதைக் கண்டுபிடித்தவர்கள் கெட்டிக்காரர்கள்தான், எனக்குக் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

இன்னொன்று, சந்தேகம். பதினெட்டு, இருபது வயதில் எந்த மதத்துப் பிள்ளைக்கும் வரும் சந்தேகம், ராத்திரி தனியாக மொட்டை மாடியில் படுத்திருக்கும்போது வரும் வகை. இந்தப் பையன்களுக்கு அந்த மொட்டை மாடி இல்லை. மாறாக, தினமும் பலமுறை அறிமுகமில்லாதவர்கள் முன்னால் நின்று "இது உண்மை என்று எனக்குத் தெரியும்" என்று சொல்கிறார்கள், அதைச் சொல்லும்போது பக்கத்தில் ஒருவன் கேட்டுக்கொண்டிருக்கிறான். ஒரு விஷயத்தை ஆயிரம் முறை சத்தமாகச் சொன்னவனுக்கு அதை நம்புவது எளிது. அதற்காக எல்லோரும் அப்படியே நம்பித் திரும்புகிறார்கள் என்று சொல்ல வரவில்லை. ஊழியத்தின் நடுவிலேயே நம்பிக்கை போனவர்களும் உண்டு, அவர்கள் படும் பாடுதான் பெரிது, நம்பாததைத் துணையின் முன்னால் தினமும் சொல்ல வேண்டுமே.

கதவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இப்போதெல்லாம் கதவு தட்டுவது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஸ்மார்ட்போன், ஃபேஸ்புக், உள்ளூர் உறுப்பினர்கள் அறிமுகப்படுத்தும் நண்பர்கள், தோட்டம் வெட்டிக் கொடுப்பது, இலவச ஆங்கில வகுப்பு என்று வழிகள் மாறியிருக்கின்றன. முன்பு ஆறு பாடங்களை மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும், 2004லிருந்து ஒரு வழிகாட்டி நூலை வைத்துக்கொண்டு சொந்த வார்த்தையில் சொல்லலாம். 2024இல் புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்கள் 3,08,000க்கு மேல். ஒரு மிஷனரிக்கு ஆண்டுக்கு நான்கு பேர் என்று வருகிறது. ஆனால் அது சராசரி. பிலிப்பைன்ஸிலும் ஆப்பிரிக்காவிலும் போனவனுக்கு வாராவாரம் ஆள் வருவார்கள், மேற்கு ஐரோப்பாவுக்குப் போனவன் இரண்டு வருடத்தில் ஒருவரைக்கூடப் பார்க்காமல் திரும்பலாம். 1966இல் பிரான்சுக்குப் போன மிட் ராம்னி (பின்னாளில் அமெரிக்க அதிபர் தேர்தலில் ஒபாமாவிடம் தோற்றவர்) அன்றைய கணக்குப்படி இரண்டரை வருடம் பெரும்பாலும் சாத்திய கதவுகளைத்தான் பார்த்தார்.

எண்ணிக்கைக்காக அழுத்தம் கொடுத்த காலமும் உண்டு. 1960ஐ ஒட்டிய வருடங்களில் இங்கிலாந்தில் பேஸ்பால் சொல்லித் தருகிறோம் என்று சிறுவர்களைச் சேர்த்து, அணியில் சேர வேண்டுமானால் ஞானஸ்நானம் என்கிற அளவுக்குப் போனது. 'பேஸ்பால் ஞானஸ்நானம்' என்று அவர்களே இன்றும் தலைகுனிந்து சொல்கிறார்கள். பல பிள்ளைகளுக்குத் தாங்கள் ஒரு சபையில் சேர்ந்ததே தெரியாது. பிறகு அந்தப் பெயர்களைப் பதிவேட்டிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று.

செலவு யாருடையது? அவன் குடும்பத்துடையது. சம்பளம் கிடையாது. அமெரிக்கா போன்ற வசதியான நாடுகளிலிருந்து போகிறவர்கள் 2020 ஜூலையிலிருந்து மாதம் 500 டாலர் கட்டுகிறார்கள், இரண்டு வருடத்துக்கு 12,000 டாலர். சின்ன வயதிலிருந்தே உண்டியலில் சேர்க்கப் பழக்குவார்கள். 1991க்கு முன்னால் போகிற ஊரின் விலைவாசிப்படி செலவு, ஜப்பானுக்கு அழைப்பு வந்தால் அப்பாவுக்கு வியர்க்கும். இப்போது எல்லோருக்கும் ஒரே தொகை, பொதுவில் போட்டுப் பங்கிடுகிறார்கள். வாடகையை மிஷன் பார்த்துக்கொள்ளும், சாப்பாட்டுக்கு மாதம் ஒரு சிறு தொகை. உள்ளூர் சபைக் குடும்பங்கள் முறை வைத்து ராத்திரிச் சாப்பாடு போடும், அந்த நாட்களில் பையன்கள் பானையைக் காலி செய்துவிட்டுத்தான் எழுவார்கள்.

வீட்டோடு பேசுவது ரொம்பக் காலத்துக்கு வருடத்தில் இரண்டே முறைதான். கிறிஸ்துமஸ், அன்னையர் தினம். மற்றபடி வாரம் ஒரு கடிதம் அல்லது மின்னஞ்சல். 2019 பிப்ரவரியில் அதை வாரம் ஒருமுறை போன் அல்லது வீடியோ என்று ஆக்கினார்கள். பழைய மிஷனரிகள் சிலர் "எங்கள் காலத்தில் இப்படியா?" என்று முணுமுணுத்தார்கள், அம்மாக்கள் யாரும் முணுமுணுத்ததாகத் தெரியவில்லை. காதலிகள் விஷயத்தில் மட்டும் பெரிய மாற்றமில்லை, இரண்டு வருடம் காத்திருப்பேன் என்று சொல்லி, ஒரு வருடத்தில் "நீ நல்லவன், ஆனால்..." என்று கடிதம் வருவது இன்றைக்கும் மிஷனரி உலகத்தின் நிரந்தரச் சோகம். அந்தக் கடிதத்தைப் படிக்கும்போதும் அழும்போதும் பக்கத்தில் துணை இருப்பான். அதற்கு மட்டும் இந்த முறை நல்லதென்று தோன்றுகிறது.

எல்லோராலும் இதைத் தாக்குப்பிடிக்க முடிவதில்லை. உடம்பு முடியாமல், மனம் முடியாமல், பாதியில் திரும்புகிறவர்கள் உண்டு. 24 மாதத்தில் 23 மாதம் செய்தவனைக்கூட ஊரார் "சீக்கிரம் வந்துவிட்டான்" என்றுதான் சொல்வார்கள். என்ன தப்புச் செய்தான் என்று கண்ணால் கேட்பார்கள். இப்போது வீட்டிலிருந்தபடியே மருத்துவமனையிலோ உணவு வங்கியிலோ சேவை செய்யும் ஊழியம் என்று ஒரு வழி திறந்திருக்கிறார்கள், மனநல ஆலோசகர்கள் இருக்கிறார்கள். பேச்சு மாறியிருக்கிறது, பார்வை மாற இன்னும் நாளாகும்.

2020 மார்ச்சில் மட்டும் கூட்டம் கூட்டமாகச் சீக்கிரம் வந்தார்கள். கோவிட். பல்லாயிரக்கணக்கான பேரைச் சில வாரங்களுக்குள் சொந்த நாட்டுக்குத் திருப்பினார்கள். பிலிப்பைன்ஸிலிருந்து வந்த விமானங்களுக்காகச் சால்ட் லேக் விமான நிலையத்தின் வாகன நிறுத்தத்தில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் கூடி, இடைவெளியாவது ஒன்றாவது என்று கட்டிப்பிடித்து அழுதது அன்றைக்கு அங்கே பெரிய சர்ச்சையானது. அந்த வருட முடிவில் மிஷனரிகள் 52,000க்கும் கீழே இறங்கியிருந்தார்கள்.

முடித்துத் திரும்பியவர்களுக்கு யூட்டாவில் தனி மதிப்பு. கல்யாணச் சந்தையிலும்தான், "ஊழியம் முடித்த பையன்" என்பது அங்கே ஒரு தகுதி. வேலைச் சந்தையில் இன்னும் சுவாரஸ்யம். போர்த்துகீசியம், கொரியன், தாய்லாந்து மொழி என்று தெருவில் கற்றுப் பேசும் இளைஞர்கள் ஒரே மாநிலத்தில் குவிந்து கிடப்பதால் கோல்ட்மன் சாக்ஸ் போன்ற நிறுவனம் சால்ட் லேக்கில் பெரிய அலுவலகம் வைத்திருக்கிறது, அமெரிக்க உளவு அமைப்புகளும் ஆள் தேடுகின்றன. அப்புறம் கோடையில் வீடு வீடாகப் போய்ப் பூச்சி மருந்துச் சேவையும் திருட்டு எச்சரிக்கைக் கருவியும் விற்கும் தொழில் யூட்டாவை மையமாக வைத்தே வளர்ந்தது. இரண்டு வருடம் முகத்தில் கதவு அறைந்தும் அடுத்த வீட்டுக்குப் போய்ப் புன்னகைத்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எது? ஒரே வித்தியாசம், இந்த முறை கமிஷன் உண்டு.

ஊருக்குத் திரும்பும் நாளில் விமான நிலையத்தில் பலூன், பதாகை, கட்டிப்பிடிப்பு எல்லாம் முடிந்து, அன்றைக்கே சாயங்காலமோ ராத்திரியோ ஸ்டேக் தலைவரைப் போய்ப் பார்க்க வேண்டும். அவர் கைகுலுக்கி, நன்றி சொல்லி, உன்னை ஊழியத்திலிருந்து விடுவிக்கிறேன் என்பார். அந்தக் கருப்புப் பட்டையைக் கழற்ற வேண்டும். அதுவரை எல்டராக இருந்தவன் மறுபடி அம்மா கூப்பிடும் பெயருக்குத் திரும்புகிறான். பலர் அழுதுவிடுவார்கள்.

அப்புறம் ராத்திரி தன் பழைய அறைக்குப் போய்க் கதவைச் சாத்துகிறான். இரண்டு வருடத்தில் முதல்முறையாக அறையில் வேறு யாரும் இல்லை. திரும்பி வந்தவர்களைக் கேட்டால் கதவுகளையும் வெயிலையும் விட இதைத்தான் முதலில் சொல்கிறார்கள். தூக்கம் வராதாம். மறுநாள் கடைக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருப்பார்களாம், உள்ளேயிருந்து இன்னொருவன் வரட்டும் என்று.